யார் பீயை யார் அள்ளுவது

பீ என்றுதான் எழுதப்போகிறேன். கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர் ஒருவர், 'மலம்' என்று மாற்றினால் கௌரவமாக இருக்குமே என்றார். ஆஸ்பத்திரியில் 'மோஷன்' என்றார்கள். நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'ரெண்டுக்கு' என்பார்கள். எங்கள் தெருவில் 'வெளிக்கி'. மலம் என்கிற சொல்லை என் அம்மா வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அள்ளியவளுக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. கையால் தொடாதவர்களுக்குத்தான் அதற்கு ஒரு மரியாதையான பெயர் வேண்டியிருந்தது. ஆகவே பீ.

2017-இல் எனக்கு மலக்குடலில், ஆசனவாய்க்கு மிக அருகில், புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அதற்கு முன்னால் எட்டு மாதம் ரத்தம் போனது. மூலம் என்று சொல்லி மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். விரல் விட்டுப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை. அது அருவருப்பாலா, சீட்டில் எழுதியிருந்த என் தெருப் பெயராலா என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். படிக்கிறவர்கள் ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் போவதெல்லாம் மூலம் இல்லை. சில வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால், விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நிமிஷ வேலை அது.

கதிர்வீச்சு, மருந்து, பிறகு அறுவை. கட்டி அவ்வளவு கீழே இருந்தால் மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள். 1908-இல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்கிற மருத்துவர் எழுதி வெளியிட்ட முறை. இன்றும் அடிப்படை அதுதான். பின்பக்கத்தைத் தைத்து மூடிவிடுவார்கள். மிச்சமிருக்கிற பெருங்குடலின் நுனியை இடது அடிவயிற்றில் ஒரு துளை போட்டு வெளியே எடுத்து, மடித்து, தோலோடு சேர்த்துத் தைப்பார்கள். கொலாஸ்டமி என்பது இதுதான். வெளியே தெரிகிற நுனிக்கு ஸ்டோமா என்று பெயர். கிரேக்கத்தில் வாய் என்று அர்த்தமாம். பார்க்கவும் வாயின் உள்சதை மாதிரிதான் இருக்கும், சிவப்பாக, ஈரமாக. தொட்டால் வலிக்காது. வலி சொல்கிற நரம்பு அதில் இல்லை. அடக்குகிற தசையும் இல்லை. எப்போது பீ வரவேண்டும் என்பதை இனி அதுதான் முடிவு செய்யும். அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கும். சாகிறவரைக்கும்.

நான்காம் நாள் பை நிறைய ஆரம்பித்தது. சிஸ்டர் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்று, கையை ஆட்டி ஆட்டி விளக்கம் சொன்னார். பிறகு வராந்தாப் பக்கம் திரும்பி "ஆயாவக் கூப்பிடுங்க" என்றார். வந்தவர் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. ஊர் கேட்டேன், தெரு கேட்டேன். எங்கள் ஆட்கள்தான். அருந்ததியர். ஆஸ்பத்திரியில் எந்த மாடியில் பீ கிடந்தாலும் அங்கே போய் நிற்பது எங்கள் ஆட்களாகத்தான் இருக்கும்.

பக்கத்தில் என் அம்மா உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு வயது எழுபத்திரண்டு. நகராட்சியில் முப்பத்தேழு வருசம் வேலை. அதில் முதல் இருபத்தைந்து வருசம் எடுப்புக் கக்கூஸ். வீடுகளுக்குப் பின்னால் பீச்சந்து என்று ஒன்று இருக்கும். விடியக்காலம் ஐந்து மணிக்கு அந்தச் சந்துக்குள் போக வேண்டும். சுவரின் அடியில் இருக்கிற தகரக் கதவைத் தூக்கி, தகரத்தை உள்ளே விட்டு வழித்து, வாளியில் போட்டு, சாம்பலைத் தூவி, அடுத்த வீடு. மழைக்காலத்தில் தலையில் இருக்கிற வாளி வழிந்து கழுத்தில் இறங்கும். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் குளிக்காமல் எங்களைத் தொட மாட்டாள்.

இந்தக் கதை சிஸ்டருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அம்மாவைப் பார்த்து, "நீங்க முனிசிபாலிட்டியிலதானம்மா இருந்தீங்க? ஒங்களுக்குப் பழக்கந்தான. நீங்களே பாத்துக்கிரலாம்ல?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் இருக்கிறது.

அம்மா எழுந்திரிக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள்: "பழக்கந்தாம்மா. அதனாலதான் சொல்றேன், நான் அள்ள மாட்டேன். ரிட்டேராகி வந்த அன்னைக்கு, இனிமே ஒருத்தர் பீயவும் அள்ள மாட்டேன்னு எங்க ஆத்தா மேல சத்தியம் பண்ணிருக்கேன். எம் மகளுக்குக் கை இருக்கு. அவளுக்குப் பக்கத்துல வந்து சொல்லிக்குடுங்க. அதுக்குத்தான ஒங்களுக்குச் சம்பளம்?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெத்த தாயா இவள் என்று எதிர்க்கட்டில்காரம்மா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் வலித்தது. அம்மா என் பக்கம் குனிந்து, மெதுவாக, "நீ பச்சப்புள்ளயா இருக்கையில ஒனக்கு அள்ளுனேன் தாயி. அது வேற. இந்தம்மா பழக்கம்னு சொல்றது அத இல்ல" என்றாள்.

1936-இல் காந்தி தமது 'ஹரிஜன்' பத்திரிகையில் இலட்சியத் தோட்டி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார். குழந்தைக்குத் தாய் செய்வதைத் தோட்டி சமூகத்துக்குச் செய்கிறார் என்பது அவர் வாதம். தோட்டி வேலையை இப்படிப் புனிதமாக்குவதை அம்பேத்கர் 1945-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் உரித்துப் போட்டார். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று தலைப்பிலேயே கேட்ட புத்தகம் அது. என் அம்மா இரண்டையும் படித்தவள் இல்லை. அவளுக்கு எழுத்தே தெரியாது. ஆனால் தாய் அள்ளுவது வேறு, சாதி அள்ளுவது வேறு என்பதை ஒரே வாக்கியத்தில் பிரித்து வைத்துவிட்டாள். தாய் அள்ளுகிற பிள்ளை வளர்ந்து தானே கழுவிக்கொள்ளும். ஊருக்கு அள்ளினால் ஊர் வளராது. தாத்தா காலத்திலும் பேரன் காலத்திலும் பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டு நிற்கும்.

சிஸ்டர் பக்கத்தில் வந்தார். கையுறை போட்டு, கிளிப்பைக் கழற்றி, செய்து காட்டினார். ஆனால் நுணுக்கத்தைச் சொல்லித் தந்தவர் அந்தத் துப்புரவுத் தொழிலாளிதான். பையின் வாயை முதலில் வெளிப்பக்கமாக மடித்துக்கொண்டு திறந்தால் விளிம்பில் ஒட்டாது. கக்கூசில் முதலில் ஒரு தாளைப் போட்டுவிட்டுக் கொட்டினால் தெறிக்காது. வார்டில் எத்தனையோ பேருக்குச் செய்து செய்து அவருக்குக் கைவந்த வித்தை. அந்த வித்தைக்கு அவருக்குச் சம்பளம் கிடையாது, பெயரும் கிடையாது. ஸ்டோமாவின் அடிப்பக்கம் படுத்திருக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி வேண்டும். அம்மா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தும் இரண்டு மாதம் அவள்தான் கண்ணாடி பிடித்தாள்.

*

அன்றாடத்தைச் சொல்கிறேன். இதே நிலையில் இருக்கிற யாராவது ஒருவருக்கு உபயோகப்படலாம்.

நான் கட்டுவது இரண்டு துண்டுப் பை. தோலில் ஒட்டுகிற தகடு ஒன்று, அதில் மாட்டுகிற பை ஒன்று. தகட்டின் நடுத்துளையை ஸ்டோமாவின் அளவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். பெரிதாகப் போனால் பீ தோலில் பட்டு வெந்துவிடும். முதல் ஆறேழு வாரம் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். அதனால் ஒவ்வொரு தடவையும் அளந்துதான் வெட்ட வேண்டும். சுற்றியுள்ள தோலை வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் போதும். எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது, தகடு பிடிக்காது. ஒட்டியபின் உள்ளங்கையை ஒரு நிமிஷம் மேலே வைத்து அழுத்தினால் சூட்டில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தகடு எனக்கு நாலைந்து நாள் வரும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே கொட்டிவிட வேண்டும். கனத்தால் இழுத்துக் கழன்றுவிடும்.

சேலை கட்டுகிறவளுக்குப் பாவாடை நாடா பெரிய சிக்கல். நாடா இறுகுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழேதான் ஸ்டோமா. பை அதில் மாட்டிக்கொண்டு நிறையாமல் பிதுங்கும். நாடாவை எடுத்துவிட்டு அகலமான எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொண்டேன். குடம் இன்னொரு சிக்கல். தண்ணீர்க் குடத்தை நாங்கள் வைப்பது இடது இடுப்பில். இப்போது அங்கே வேறொன்று குடியிருக்கிறது. பாரம் தூக்கினால் அந்த இடத்தில் குடல் பிதுங்கிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் தோளில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தபோது குழாயடியில் சிரித்தார்கள். ஒரு மாதம் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. ஆண் தண்ணீர் தூக்குவதற்குத் தெரு பழக ஒரு மாதம் போதும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

தைத்து மூடிய இடத்தில் இன்னமும் சில நாள் வெளிக்கி வருகிற மாதிரி முட்டும். இல்லாத உறுப்பு கூப்பிடும். காலை இழந்தவருக்குக் கால் அரிப்பது மாதிரிதான் இது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போய்விடும்.

சாப்பாட்டில் ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் தயிர்சாதமும் இட்லியும் இருந்தன. கறி இல்லை. மாட்டுக்கறி பற்றிக் கேட்டதற்கு அந்த அம்மா காது கேட்காததுபோல் இருந்துவிட்டார். நானாகத்தான் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தேன். நன்றாக வேகவைத்து, நன்றாக மென்று சாப்பிட்டால் எனக்கு எல்லாம் ஒத்துக்கொள்கிறது. முட்டை, கருவாடு, பூண்டு சாப்பிட்ட நாளில் நாற்றம் கூடும். முட்டைக்கோசும் மொச்சையும் காற்றைக் கிளப்பும். மோர் அடக்கும். தண்ணீர் குறைந்தால் இறுகிவிடும். பஸ் பயணத்துக்கு முன்னால் ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துக்கொள்வேன். கைப்பையில் எப்போதும் வெட்டிவைத்த தகடு ஒன்று, பை ஒன்று, ஒரு பாட்டில் தண்ணீர், பழைய செய்தித்தாள்.

சத்தத்துக்குத்தான் மருந்தில்லை. அடக்குகிற தசை இல்லாததால் காற்று அதன் இஷ்டத்துக்குப் பிரியும். மதுரையில் ஒரு கூட்டம். மேடையில் ஒரு தோழர் கையால் மலம் அள்ளும் கொடுமையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார், உருக்கமாக. இடைவேளையில் டீ குடிக்கும்போது என் வயிறு சத்தம் போட்டது. எல்லோரும் திரும்பினார்கள். ஒளிக்க என்ன இருக்கிறது? விஷயத்தைச் சொன்னேன். அந்தத் தோழரின் கண் நேராக என் வயிற்றுக்குப் போனது. பிறகு பெஞ்சில் என் டம்ளருக்குப் பக்கத்தில் இருந்த அவர் டம்ளரை எடுத்து அந்தப் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டார். அவருக்கே தெரிந்திருக்காது, கை தானாகச் செய்தது. இரட்டைக் குவளை டீக்கடையில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள் தோழர்களே. கை பழகியிருக்கிறது.

பக்கத்து வீட்டில் விளக்குப் பூசைக்கு அதுவரை கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், "இப்ப ஒங்களுக்கு முடியாதுல்ல" என்று நிறுத்திக்கொண்டார். பூசைக்குப் போகாததில் எனக்கு நஷ்டமில்லை. ஆனால் அந்தத் தீட்டுக் கணக்கை யோசித்துப் பார்த்தேன். பூசை செய்கிறவர் குடலிலும் அதே நேரத்தில் அதே பீ இருக்கிறது. அவருக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் அரை அங்குலத் தோல். உள்ளே இருந்தால் புனிதம், தோலைத் தாண்டினால் தீட்டு. தாண்டியதைத் தொட்டவர் தீட்டு. தொட்டவரின் மகள் தீட்டு. இப்படி ஒரு வேலியிலிருந்து இன்னொரு வேலிக்குத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு சேரியில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். ஆரம்பித்த இடம் எல்லார் வயிறும்தான்.

*

இந்தப் பையின் வரலாறு எனக்குப் பிடித்தமானது. 1954-இல் டென்மார்க்கில் எலிசா சோரன்சன் என்கிற ஒரு நர்ஸ், குடல் அறுவை செய்துகொண்ட தன் தங்கை வெளியே போகவே பயந்து வீட்டுக்குள் கிடப்பதைப் பார்த்து, தோலில் ஒட்டிக் கழற்றி எறிகிற பையை யோசித்தார். தன் தங்கை தெருவில் நடக்க வேண்டும் என்று ஒரு அக்கா யோசித்ததில் பிறந்தது இது. அதே 1954-இல் எங்கள் பாட்டி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்துக்குள் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்காக ஒரு மூடி போட்ட வாளியைக்கூட யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கத் தெரியாத நாடா இது? யோசிக்க அவசியம் இல்லாமல் ஆள் கிடைத்தது.

அந்தப் பை இன்று எனக்கு மாதம் மூவாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் இழுக்கிறது. எனக்கு வாத்தியார் சம்பளம் இருக்கிறது. மருந்து ஏற்றப் போன இடத்தில் கூலிவேலை பார்க்கிற ஒரு அம்மாவைப் பார்த்தேன். கேரி பேக்கை வயிற்றில் வைத்து, பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தார். சுற்றிலும் தோல் வெந்து புண். நாற்றத்துக்குப் பயந்து வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். அவர் உயிரைக் காப்பாற்றிய அறுவைக்குக் காசு வாங்கவில்லை. அந்த உயிரோடு வெளியே நடக்க வேண்டிய பைக்குக் காசு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை வரிசைப்படுத்தியது. அந்த வரிசையில் வயிற்றில் பை கட்டியவர்கள் இல்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பையைக் கழற்றிய பிறகு அது எங்கே போகிறது?

என் பீயை நானே கக்கூசில் கொட்டுகிறேன். பையை நானே அலசுகிறேன். தாளில் சுற்றிக் கட்டுகிறேன். அதுவரைக்கும் என் கை. அதற்கப்புறம்? காலையில் குப்பை வண்டி வருகிறது. வண்டியோடு ஒரு இளம்பெண் வருகிறாள். தூய்மைப் பணியாளர் என்று இப்போது பெயர் மாற்றியிருக்கிறார்கள். முதல் நாளே பொட்டலத்தைத் தனியாகக் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். பிரித்துப் பார்க்காதே, கையுறை போட்டுக்கொள் என்றேன். "கையுற கிழிஞ்சு மூணு மாசமாச்சுக்கா, இன்னும் குடுக்கல" என்றாள். நான் எவ்வளவுதான் அலசிக் கொடுத்தாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அந்தக் கிழிந்த கையுறை. கக்கூசில் கொட்டியதும் செப்டிக் டேங்குக்குத்தான் போகிறது. அந்த டேங்க் நிறைந்தால் இறங்குவது யார் என்பது இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும்.

உலர் கக்கூசையும் கையால் அள்ளுவதையும் தடை செய்து 1993-இல் ஒரு சட்டம் வந்தது. போதாது என்று 2013-இல் இன்னொரு சட்டம். அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. 1993-க்குப் பிறகு சாக்கடையிலும் டேங்கிலும் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சம் ஆக்கியது. சட்டம் இரண்டு, தீர்ப்பு இரண்டு. செத்தவனுக்குத் தொகை ஏறியிருக்கிறது. இறங்குகிறவன் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறான்.

அவரவர் பீயை அவரவர் கழுவிவிட்டால் சாதி போய்விடும் என்று நான் சொல்லவரவில்லை. அது ஆசிரமத்துக் கதை. என் கை எட்டுகிற தூரம் கக்கூஸ் பீங்கான் வரைக்கும்தான். அதற்கு அப்பால் இயந்திரம் இருக்க வேண்டும், சம்பளம் இருக்க வேண்டும், எந்தச் சாதியிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். இன்று அங்கே ஒரே ஒரு சாதியின் கை இருக்கிறது. பல வருசமாக இரண்டு நாளைக்கு ஒருமுறை என் பீயை என் கையில் வைத்துப் பார்க்கிறேன். அதில் அசிங்கம் எதுவும் இல்லை. சாப்பிட்டதன் மிச்சம், அவ்வளவுதான். அதே பொருளைப் பிறப்பின் பேரால் இன்னொருத்தி கையில் கொடுக்கிற நிமிஷத்தில்தான் அசிங்கம் பிறக்கிறது. அது கொடுக்கிறவர்மேல் ஒட்டவேண்டியது. நம்மேல் ஒட்டவைத்திருக்கிறார்கள்.

நண்பர்கள் செய்யக்கூடியது சில உண்டு. கொலாஸ்டமிப் பையை ஆரம்ப சுகாதார நிலையத்தில், சர்க்கரை மாத்திரை கொடுப்பதுபோல், இலவசமாகக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். புற்றுநோய் அறுவை நடக்கிற ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஸ்டோமாவைப் பராமரிக்கச் சொல்லித்தர, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற, பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் வேண்டும் என்று கேட்கலாம். நாப்கினும் பையும் ஊசியும் தனி மூடிபோட்ட பெட்டியில் போய் நேராக எரிகலனுக்குச் சேர ஏற்பாடு கேட்கலாம். எங்கள் வார்டில் நாற்பது வீட்டார் கையெழுத்துப் போட்டுக் கையுறைக்காக மனு கொடுத்தோம். இரண்டாவது மாதம் வந்தது, ஆளுக்கு ஒரு ஜோடி. மறுபடி கிழிந்துவிட்டது. மறுபடி மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.